வோல்வோ: பெரிய மனிதர் வண்டியின் வரலாறு



'நான் ஒரு மகிழுந்து' என்னும் தன்கதைக் கட்டுரையை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எத்தனை முறை திருத்தியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. எழுதும் பிள்ளைகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே பாதையில்தான் போவார்கள். மகிழுந்து ஜப்பானிலோ ஜெர்மனியிலோ பிறக்கும். கப்பலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேரும். செல்வந்தர் ஒருவர் அதனை வாங்குவார். அவருடைய மகன் கண்மண் தெரியாமல் ஓட்டி மரத்தில் மோதுவான். இறுதியில் அம்மகிழுந்து பழைய இரும்புக் கடையில் கிடந்து கண்ணீர் வடிக்கும். இந்தக் கதையில் இரண்டு செய்திகள் எனக்கு எப்போதும் உறுத்தும். ஒன்று, நான் படித்த கட்டுரைகளுள் எந்த மகிழுந்தும் ஷா ஆலாமில் பிறந்ததில்லை. மற்றொன்று, மரத்தில் மோதிய அந்த மகன் இருக்கைவார் அணிந்திருந்தானா என்று எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. இவ்விரண்டையும் ஒருசேரத் தொடுகிற மகிழுந்து ஒன்று உண்டு. அதுதான் வோல்வோ. ('மகிழுந்து' என்று நான் எழுதினாலும், நம் வீடுகளில் அது 'காடி'தான் என்பதை அறிவேன். பேச்சுக்குக் காடி, எழுத்துக்கு மகிழுந்து என்று வைத்துக்கொள்வோம்.)

என் தலைமுறையினர் சிறுவராக இருந்த காலத்தில், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வோல்வோ என்றால் அதற்குத் தனி மரியாதை. மருத்துவர், வழக்கறிஞர், உயரதிகாரி, டத்தோ என்று ஊரில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்படுகிறவர்களின் வண்டி அது. அமைச்சர்களும் அரசாங்க உயரதிகாரிகளும் பயன்படுத்திய வண்டிகளுள்ளும் அது இடம்பெற்றிருந்தது. பெட்டியைப் போன்ற சதுர வடிவம், கனத்த கதவு, கறுப்பு அல்லது கருநீல நிறம். திருமண வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் கேட்பதென்றால் முதலில் மெர்சிடிஸ், அது கிடைக்காவிட்டால் வோல்வோ. கதவை மூடும்போது எழும் 'தொம்' என்ற ஓசையைச் சொல்லிச் சொல்லி வியந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவுக்குள் தொங்கிய பட்டையைப் பற்றி யாரும் வியந்ததாக நினைவில்லை.

வோல்வோவின் சொந்த ஊர் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரம். எஸ்.கே.எஃப். என்னும் உருள்தாங்கி (நம் பட்டறைக்காரர்கள் சொல்லும் 'பேரிங்') நிறுவனத்தில் பணியாற்றிய அசார் கேப்ரியல்சன் என்ற விற்பனையாளரும், குஸ்தாஃப் லார்சன் என்ற பொறியாளரும் 1924-ஆம் ஆண்டில் கூடிப் பேசி, சுவீடனின் கரடுமுரடான சாலைகளையும் கடுங்குளிரையும் தாங்கக்கூடிய மகிழுந்து ஒன்றை உருவாக்க முடிவு செய்தனர். 'வோல்வோ' என்பது இலத்தீன் மொழிச் சொல். 'நான் உருள்கிறேன்' என்பது அதன் பொருள். உண்மையில் அந்தப் பெயர் மகிழுந்துக்காக வைக்கப்பட்டதே அன்று. எஸ்.கே.எஃப். நிறுவனம் ஒருவகை உருள்தாங்கிக்காக அதனை 1915-இலேயே பதிவு செய்து வைத்திருந்தது. உருள்தாங்கி விற்பனைக்கு வராமற்போக, பெயர் மட்டும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனை எடுத்து மகிழுந்துக்குச் சூட்டினர்.

முதல் வண்டி 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஆலையைவிட்டு வெளிவந்தது. அதனைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது வண்டி முன்னே போகவில்லையாம், பின்னே போயிற்றாம்! பின் அச்சின் பற்சக்கரத்தை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் தொடக்கம் இப்படியிருந்தது என்பதை மாணவர்கள் மட்டுமன்றி ஆசிரியர்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

சுவீடனில் வோல்வோ செல்வந்தரின் வண்டியாக வளரவில்லை. 1944-இல் அறிமுகமான பி.வி. 444 என்னும் சிறிய மகிழுந்து, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடியதாகவே திட்டமிடப்பட்டது. அந்நாட்டில் நடுத்தர மக்களின் கனவைக் குறிக்க ஒரு சொற்றொடர் வழங்குகிறது: தனி வீடு, வோல்வோ, ஒரு நாய். மூன்று சொற்களும் அவர்கள் மொழியில் மோனையோடு அமைந்திருப்பதால் வாய்க்கு எளிதாக வருகிறது. அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் தம் பிள்ளைகளையும் மளிகைப் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் வண்டியாக அது இருந்தது. அதே வண்டி நம் நாட்டில் எப்படி டத்தோக்களின் வண்டியாயிற்று?

இதற்கு விடை காணக் கூட்டரசு நெடுஞ்சாலைக்கு வரவேண்டும். இன்று ஷா ஆலாம் என்று நாம் அழைக்கும் நகரத்தின் நிலம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் என்று அறியப்பட்ட தோட்டப் பகுதி. ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். நம்மவர்கள் பால் மரம் சீவிய மண். 1960-களில் பத்து தீகாவை ஒட்டிய அந்நிலத்தில் தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாடு, ரப்பரையும் ஈயத்தையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கருதியது. மகிழுந்துகளை முழுதாக இறக்குமதி செய்யாமல், பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதற்கு 1964-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஊக்கம் தந்தது. அதன் விளைவாக வோல்வோவும் உள்ளூர்ப் பங்காளியும் சேர்ந்து 1966-இல் 'சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளிஸ்' என்னும் நிறுவனத்தை அமைத்தன. மறு ஆண்டு, 1967-இல், ஆலை இயங்கத் தொடங்கியது. மலேசியாவின் முதல் மகிழுந்துப் பொருத்தும் ஆலை என்ற பெயர் அதற்கு உண்டு. (அதற்கு முன்னர் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஃபோர்டு ஆலை ஒன்று இருந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்த ஆலையில்தான். வரலாற்றுப் பாடத்தில் அந்தப் படத்தைக் காட்டும் ஆசிரியர்கள் இதனைச் சேர்த்துச் சொல்லலாம்.)

அடுத்த ஆண்டே, 1968-இல், பத்து தீகாவில் மகிழுந்துப் பந்தயத் தடமும் திறக்கப்பட்டது. 2003-இல் அது மூடப்பட்டுவிட்டது. நெடுஞ்சாலையின் பத்து தீகா சாவடியில் கட்டணம் வாங்குவதும் 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. சுற்றிலும் இத்தனை மாற்றங்கள் நிகழ்ந்தபோதும் ஷா ஆலாம் செக்‌ஷன் 15-இல் உள்ள அந்த ஆலை தொடர்ந்து இயங்கி வந்திருக்கிறது. தோட்டங்கள் நகரமாக மாறிய காலத்தில் லயங்களைவிட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதை தனியே எழுதத்தக்கது. இங்கே ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். தோட்டத்து மண்ணில் வோல்வோ பொருத்தப்பட்டது. தோட்டத்து மக்கள் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் அதன் வாசலைக் கடந்து சென்றனர்.

இங்கே பொருத்தப்பட்டும் ஏன் அது எட்டாக்கனியாக இருந்தது? சிறிய சந்தை, குறைந்த எண்ணிக்கை, பாகங்களின் மீதும் வண்டியின் மீதும் விழுந்த வரி ஆகியவை விலையை உயரத்திலேயே வைத்திருந்தன. பிறகு 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் டாக்டர் மகாதீர் புரோட்டோன் சாகாவை அறிமுகப்படுத்தினார். அதுவும் ஷா ஆலாமில் செய்யப்பட்ட வண்டிதான். தேசிய மகிழுந்துக்கு வரிச்சலுகை கிடைத்தது, மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஒரே நகரத்தில் உருவான இரு வண்டிகளுக்கிடையே விலையில் பெரும் பள்ளம் விழுந்தது. சாகா ஆசிரியரின் வண்டியாயிற்று. வோல்வோ பெரிய மனிதரின் வண்டியாக நிலைத்தது. ஆக, சுவீடனில் குடும்ப வண்டியாக இருந்ததற்கு இங்கே ஆடம்பரப் பட்டம் சூட்டியதில் நம் சுங்க வரிக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து. பின்னர் அரசாங்கத்தின் அதிகாரப்பூர்வ வண்டி என்ற தகுதி புரோட்டோன் பெர்டானாவுக்குப் போனது. வோல்வோவின் கறுப்புக் கதவுகள் மெல்ல மெல்ல அரசாங்க வளாகங்களிலிருந்து மறைந்தன.

இனி, கதவுக்குள் தொங்கிய அந்தப் பட்டைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

1950-களில் மகிழுந்துகளில் இருக்கைவார் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலவற்றில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் வார் இருந்தது. மோதலின்போது அது இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும். மேலுடல் முன்னே பாய்ந்து தலை மோதும். கொக்கி வயிற்றின் நடுவில் இருந்ததால் குடலும் ஈரலும் நசுங்கிய நிகழ்வுகளும் உண்டு. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக வோல்வோவின் தலைவர் குன்னார் எங்கெல்லாவ் 1958-இல் நில்ஸ் போலின் என்னும் பொறியாளரை வேலைக்கு அமர்த்தினார். போலின் அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்தவர். ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் கருவி அது. உடலை எங்கே பிடித்தால் தாங்கும், எங்கே பிடித்தால் நொறுங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால், விமானி தோளிலும் இடுப்பிலுமாக நான்கைந்து வார்களை மாட்டிக்கொள்வான். சந்தைக்குப் போகிற இல்லத்தரசியோ பிள்ளையைப் பள்ளியில் விடப்போகிற தந்தையோ அப்படி மாட்டிக்கொள்வார்களா?

போலின் கண்ட தீர்வு மிக எளியது. ஒரு வார் இடுப்பெலும்பின் மேல் குறுக்கே செல்லும். மற்றொன்று தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கும். இரண்டும் இடுப்பின் பக்கவாட்டில், இருக்கையின் அருகே, ஒரே கொக்கியில் முடியும். மூன்று இடங்களில் பிடிப்பு. ஒரே கையால் மாட்டலாம். உடலின் வலிமையான எலும்புகளான தோள், விலா, இடுப்பு ஆகியவையே மோதலின் விசையைத் தாங்கும். மென்மையான வயிறு தப்பும். இந்த வார் பொருத்தப்பட்ட முதல் மகிழுந்து 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் சுவீடனின் கிறிஸ்தியான்ஸ்டாட் நகர விற்பனையாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமை 1962-ஆம் ஆண்டு ஜூலையில் வழங்கப்பட்டது.

காப்புரிமை என்றால் என்ன என்பதை நாம் அறிவோம். வேறு எவரேனும் அதனைப் பயன்படுத்தினால் வண்டிக்கு இத்தனை என்று பணம் வாங்கலாம். வோல்வோ வாங்கவில்லை. எந்த நிறுவனமும் இந்த அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டது. இதனால் நிறுவனத்துக்கு நற்பெயர் கிடைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம்; வணிகர்கள் துறவிகள் அல்லரே. எனினும், அந்தக் கணக்கின் பயன் உலகத்துக்குத்தான் மிகுதியாகக் கிடைத்தது. கஞ்சில், சாகா, மைவி என்று நம் வாசலில் நிற்கும் வண்டிகளின் ஓட்டுநர் இருக்கையில் தொங்குவது போலின் வகுத்த அதே மூன்றுமுனை அமைப்பு. வோல்வோவை வாங்க இயலாத நம் பெற்றோர்கள், வோல்வோவின் ஆகச் சிறந்த பாகத்தைத் தம் வண்டிகளில் வைத்திருந்தார்கள்.

முதலில் மக்கள் நம்பவில்லை. வார் கட்டினால் தீப்பிடிக்கும்போது வெளியேற முடியாது என்றார்கள். இன்றும் கிள்ளானில் இதே பேச்சைக் கேட்கலாம். போலின் வாதத்தில் இறங்காமல் கணக்கெடுப்பில் இறங்கினார். சுவீடனில் வோல்வோ மகிழுந்துகள் சிக்கிய 28,000 விபத்துகளை ஆராய்ந்து 1967-இல் அறிக்கை வெளியிட்டார். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் நேர்ந்த விபத்துகளில் இந்த வார் அணிந்திருந்த எவரும் உயிரிழக்கவில்லை என்று அவ்வறிக்கை காட்டியது. அணியாதவர்களோ அதனினும் மிகக் குறைந்த வேகங்களிலேயே மாண்டிருந்தனர். 1985-இல் ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம், முந்தைய நூறாண்டுகளில் மனித குலத்துக்கு மிகுந்த நன்மை தந்த எட்டுக் காப்புரிமைகளுள் ஒன்றாக இதனைத் தேர்ந்தெடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இந்த வார் காத்திருப்பதாக வோல்வோ நிறுவனம் கூறுகிறது. போலின் 2002-இல், தம் 82-ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரை அறிந்த ஆசிரியர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. எடிசனைப் பற்றி எழுதாத பிள்ளையும் இல்லை!

அறிவியல் பாடம் நடத்தும் நண்பர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு நொடியில் பூச்சியமாகிறது என்று கொள்வோம். அப்போது உடல் உணரும் முடுக்கம் நொடிக்கு நொடி 140 மீட்டர். அதாவது புவியீர்ப்பைப் போல 14 மடங்கு. பத்துக் கிலோ எடையுள்ள கைக்குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோ மூட்டைக்கு நிகராகிறது. 'நான் மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்' என்று முன்னிருக்கையில் அமரும் தாய், 140 கிலோ மூட்டையைப் பிடித்து நிறுத்தும் வலிமை உடையவராக இருக்கவேண்டும். தாயன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இயற்பியல் அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

குழந்தைகளைப் பற்றியும் வோல்வோ முன்னரே சிந்தித்தது. சுவீடனின் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்பாட்டின்போது முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைக் கண்டு, சிறு குழந்தையும் பின்னோக்கி அமர்ந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும் என்று எண்ணினார். குழந்தையின் தலை அதன் உடலளவுக்குப் பெரியது, கழுத்தோ மெல்லியது என்பதே இதன் அடிப்படை. 1964-இல் அவருடைய முதல் மாதிரி இருக்கை வோல்வோ வண்டியில் சோதிக்கப்பட்டது. 1972-இல் வோல்வோ பின்னோக்கிய குழந்தை இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1978-இல், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக, உயரம் கூட்டும் திண்டு வந்தது. பிள்ளையைத் திண்டின் மேல் அமர்த்தினால் வார் கழுத்தை விட்டுத் தோளுக்கு வரும். வயிற்றை விட்டு இடுப்புக்கு இறங்கும். 1970 முதல், தன் வண்டிகள் சிக்கும் விபத்துகளை நேரில் சென்று ஆராயும் குழு ஒன்றையும் வோல்வோ நடத்திவருகிறது. 40,000-க்கும் மேற்பட்ட வண்டிகள், 70,000-க்கும் மேற்பட்ட பயணிகள் பற்றிய ஆய்வுகளின் முடிவுகளை 2019-இல் அனைவர்க்கும் திறந்துவிட்டது. சோதனைப் பொம்மைகள் ஆணுடலை ஒட்டியே செய்யப்பட்டுவந்ததால், விபத்தில் பெண்கள் கூடுதலாகக் காயமுறுகிறார்கள் என்பது அதில் வெளிப்பட்ட செய்திகளுள் ஒன்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, வோல்வோ குற்றமற்றது என்று எவரும் கொள்ள வேண்டா. 1990-இல் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் பெயர் சந்தி சிரித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். பூதாகாரமான சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்று வரிசையாக நிற்கும் மகிழுந்துகளின் மேல் ஏறி நசுக்குகிறது. எல்லாம் அப்பளமாக நொறுங்க, வோல்வோ மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. பார்த்தவர் வாய் பிளந்தனர். பிறகுதான் தெரிந்தது, வோல்வோவின் கூரைக்கு உள்ளே முட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்ற வண்டிகளின் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் நடவடிக்கையில் இறங்கினார். வோல்வோ விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 3 இலட்சத்து 16 ஆயிரம் டாலருக்கு மேல் செலுத்தியது. உண்மையிலேயே உறுதியான வண்டியைச் செய்தவர்கள் எதற்காக முட்டுக் கொடுக்க வேண்டும்? விளம்பரம் எடுத்தவர்களுக்குப் பொறியாளர் மேல் நம்பிக்கை இல்லை போலும். மாணவர்களுக்கு விளம்பரங்களைப் பற்றிக் கற்பிக்கையில் இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதன்பின் உரிமை கைமாறியது. 1999-இல் வோல்வோவின் மகிழுந்துப் பிரிவை ஃபோர்டு நிறுவனம் 645 கோடி டாலருக்கு வாங்கியது. பாரவண்டியும் பேருந்தும் செய்யும் பிரிவு தனி நிறுவனமாக சுவீடனிலேயே நின்றது. இதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் 'வோல்வோவில் வந்தேன்' என்றால் நாம் சற்றே விழிக்கிறோம். அங்கே வோல்வோ என்பது குளிர்சாதனப் பேருந்து! பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசக்கோட்டையில் ஆலை அமைத்து, 2001 முதல் அந்நிறுவனம் பேருந்துகளை இந்தியச் சாலைகளில் ஓடவிட்டது. அரசுப் பேருந்தில் குலுங்கிய மக்களுக்கு அது சொர்க்கமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரே பெயர், இங்கே டத்தோவின் வண்டி, அங்கே பயணச்சீட்டு வாங்கி ஏறும் வண்டி.

2010-இல் ஃபோர்டு, வோல்வோவைச் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்கு விற்றது. அதே ஜீலி 2017-இல் நம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ் 50 வண்டியின் ஒன்றரை லிட்டர் இயந்திரம், ஜீலியும் வோல்வோவும் கூட்டாக உருவாக்கியது. ஷா ஆலாமில் ஒரு காலத்தில் வரியால் பிரிக்கப்பட்ட இரு வண்டிகளும் இப்போது சீனத்து மாமனார் வழியில் உறவாகிவிட்டன. செக்‌ஷன் 15 ஆலையிலிருந்து 2022-இல் வோல்வோ எக்ஸ்.சி. 40 மின்மகிழுந்து வெளிவந்தது. மலேசியாவில் பொருத்தப்பட்ட முதல் மின்மகிழுந்து அது. 'நான் ஒரு மகிழுந்து' எழுதும் பிள்ளைகளுக்கு இனிமேலாவது பிறப்பிடம் கிடைத்துவிட்டது.

சட்டத்தின் பக்கம் சற்றுப் பார்ப்போம். உலகில் முதன்முதலாக இருக்கைவாரைக் கட்டாயமாக்கியது சுவீடன் அன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். சுவீடன் 1975-இல்தான் முன்னிருக்கைக்குக் கட்டாயமாக்கியது. மலேசியா 1979-இல் அதைச் செய்தது; ஆசிய நாடு ஒன்றுக்கு இது பின்தங்கிய காலமன்று. ஆனால், பின்னிருக்கைக்குச் சட்டம் வர 2009-ஆம் ஆண்டு ஜனவரி வரை முப்பது ஆண்டுகள் ஆயின. குழந்தை இருக்கை 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் கட்டாயமாயிற்று. அந்த முப்பதாண்டுகளில் பெரியவர்கள் முன்னே வார் அணிந்து அமர்ந்தோம்; பிள்ளைகள் பின்னே வாரில்லாமல் நின்றுகொண்டு வந்தார்கள். வரிசை இப்படி அமைந்ததேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நம் நாட்டுச் சாலைகளில் 2016-இல் 7,152 பேரும், 2019-இல் 6,167 பேரும் உயிரிழந்தனர். இத்தகைய மரணங்களுள் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. அவர்களுக்குப் போலினின் வாரும் இல்லை, வோல்வோவின் கூண்டும் இல்லை. காலையில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் வாயிலில் நின்றாலும் காணலாம்: தந்தையின் முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை, நடுவே இரண்டு புத்தகப் பைகள். பெரியவர் தலையில் கவசம் இருக்கும். சிறியவர் தலையில் பல வேளை இருப்பதில்லை. வசதி இல்லாமையால் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்வது முறையன்று. எனினும், ஆடம்பர மகிழுந்தின் பாதுகாப்பைப் பேசும்போது அதன் எல்லை எது என்பதையும் சொல்லியாக வேண்டும். வோல்வோவின் பொறியாளர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் வண்டிக்கு உள்ளே இருப்பவர்களைத்தான்.

பேருந்துகளின் நிலையும் நெடுங்காலம் இதுவே. 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் விடியற்காலையில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். நாளைய ஆசிரியர்கள். தஞ்சோங் மாலிமில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த நம் ஆசிரியர்கள் பலர். அன்று நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த மாதம், ஜூலை 1 முதல், விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. கிறிஸ்தியான்ஸ்டாட் நகரில் அந்த முதல் வண்டி ஒப்படைக்கப்பட்டு ஏறத்தாழ 66 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய வோல்வோ ஒன்று மலிவாக வருகிறது, குடும்பத்துக்கு வாங்கலாமா என்று சில பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 240 வகை 1974 முதல் 1993 வரை செய்யப்பட்டது, உறுதியான வண்டிதான். பழுதுபார்க்கும் செலவை மட்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பழைய வண்டியானாலும் வாரை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரம் பிசிறியிருந்தாலும், வெடுக்கென்று இழுக்கும்போது பிடித்து நிற்காவிட்டாலும், மாற்ற வேண்டும். பெரிய மோதலில் ஒருமுறை விசையைத் தாங்கிய வாரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உடைத்த வண்டிகளின் உதிரிப் பாகம் விற்கும் கடைகளில் வாங்கும்போது இதை நினைவில் கொள்க. பின்னிருக்கைக்கு அழகான உறை தைத்துப் போட்டவர்கள், கொக்கி அந்த உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்று பார்க்கவும்.

பிள்ளைக்குத் திண்டு தேவையா என்பதை அறிய அளவுகோல்கூட வேண்டா. பின்னிருக்கையில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா, வார் கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவில் செல்கிறதா, கீழ் வார் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிறதா என்று மூன்றையும் பார்க்கவேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்தத் தேர்வில் தேறமாட்டார்கள். நான்காம் ஆண்டிலும் பலர் தேறுவதில்லை.